முட்டுக்கட்டையை எடுங்கப்பா!

1986-இல் இலங்கையின் 17 மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். தேடியது கண்டக்கழலை. நூற்றுக்கு 18.8 பிள்ளைகளுக்கு அது இருந்தது. அதிகம்தான். ஆனால் வேடிக்கை மாவட்டவாரிப் பட்டியலில் இருக்கிறது. மிகக் கூடுதல் களுத்துறை, 30.2 சதவீதம். மிகக் குறைவு மாத்தளை, 6.5 சதவீதம்.

இலங்கை வரைபடத்தை ஒரு நிமிடம் மனத்தில் விரியுங்கள். களுத்துறை கடலோர மாவட்டம். காலி வீதியில் பஸ்ஸில் போனாலே யன்னலுக்கு வெளியே அலை தெரியும். மாத்தளையோ நாலு பக்கமும் நிலம் சூழ்ந்தது. கழலைக்குக் காரணம் அயடீன் பற்றாக்குறை, அயடீனின் பிறப்பிடம் கடல் என்று எட்டாம் வகுப்பில் படித்த எவருக்கும் இந்தப் பட்டியலைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்களோ என்றுதான் தோன்றும். இல்லை, சரியாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

அதே 1986, டிசம்பர் மாதம். 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் வருகின்றன. ஒன்று கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினுடையது. மற்றது ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் பியோர்ன் வென்ஸ்ட்ரோம் குழுவினுடையது. இருவரும் தனித்தனியே தேடிப்போய் ஒரே இனத்துப் புரதத்தின் முன் வந்து நின்றிருந்தார்கள். கலத்தின் கருவுக்குள்ளே, டி.என்.ஏ மீதே உட்கார்ந்துகொண்டு, தைரொயிட் ஹோர்மோனை வாங்கிக்கொள்ளும் புரதம் அது. இலங்கையில் விரல் கழுத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், வேறு சிலருடைய விரல் அந்தக் கதையின் கடைசி அறையைத் தொட்டுவிட்டது. இந்த ஒற்றுமை கண்ணில் பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாத்தளைச் சமையலறை ஒன்றின் உப்புப் போத்தலில் புறப்பட்டு அந்த அறை வரைக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம், வாருங்கள். அனுமதிச்சீட்டு வேண்டாம்.

போகுமுன் அந்தக் களுத்துறைப் புதிரை முடித்துவிடுவோம். இலங்கையில் கழலை அதிகம் கண்ட இடங்கள் தென்மேற்கின் ஈரவலயத்தைச் சேர்ந்தவை. வறண்ட வலயத்தில் அது குறைவு. கே. மகாதேவாவும் கூட்டாளிகளும் 1968-இலேயே 'பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் நியூட்ரிஷன்' இதழில் இந்நாட்டுக் கழலை பற்றி எழுதியிருக்கிறார்கள். கொட்டும் மழை மண்ணின் அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது என்பது நெடுநாள் விளக்கம். மாத்தளை மாவட்டமோ பாதி ஈரம், பாதி காய்ச்சல்: தெற்கே உக்குவளையும் இரத்தோட்டையும் நனைந்து கிடக்க, வடக்கே தம்புள்ளையும் சிகிரியாவும் வெயிலில் வறுபடும். பிறகு 2000-இல் ஃபியோனா ஃபோர்டைஸ் குழு இலங்கைக் கிராமங்களின் மண், அரிசி, குடிநீர், பெண்களின் தலைமுடி எல்லாவற்றையும் சோதித்து ஒரு திருப்பம் வைத்தது. கழலை மிகுந்த கிராமங்களின் மண்ணில் அயடீன் குறைவாக இல்லை! மட்கிய இலைதழை அதை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடவில்லை. இருந்தும் இல்லாத நிலை. அந்தத் தலைமுடியில் அவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். அதற்கு உரிய இடத்தில் வருகிறேன்.

சரி, கடலுப்பில் அயடீன் இருக்காதா? ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை என்று மூன்று திசையிலும் உப்பளம் வைத்திருக்கும் நாடு அல்லவா? இருக்காது என்றே சொல்லலாம். கடல் நீரில் இருக்கும் கொஞ்ச அயடீனும் உப்பு விளைந்து காய்ந்து கைக்கு வருவதற்குள் போய்விடுகிறது. அதைச் சேர்த்து வைத்துக்கொள்வது மீனும் கடற்பாசியும்தான். ஆகவே உப்பில் அயடீனை நாமே போட வேண்டும். சூடும் ஈரமும் கூடிய நாடுகளில் பொட்டாசியம் அயடைட்டு நிலைக்காது என்பதால் பொட்டாசியம் அயடேற்று சேர்ப்பார்கள். 1995-இல் இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பெல்லாம் அப்படித்தான் விற்கப்பட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்த 1995-ஐயும் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1986 செய்த வேலையை அதுவும் செய்யப் போகிறது.

எவ்வளவு அயடீன் வேண்டும்? வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250. எழுபது வயது வரை வாழும் ஒருவரின் ஆயுட்காலத் தேவை முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டினால் 4 கிராம் வராது. ஒரு தேக்கரண்டி நிறையாது. இந்த அற்ப அளவுக்காக ஒரு நாடே சட்டம் போட்டது என்பதில் எனக்கு ஏனோ பெருத்த சந்தோஷம்.

கறியோடு உள்ளே போன அயடீன் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் மிதக்கிறது. குரல்வளைக்குக் கீழே தைரொயிட் சுரப்பியின் கலங்கள் காத்திருக்கின்றன. அவற்றின் சுவரில் அயடீனுக்கென்றே ஒரு புரதம் உண்டு. இரத்தத்தில் இருப்பதைவிட 20 முதல் 40 மடங்கு செறிவாக அது உள்ளே இழுத்துச் சேர்க்கும். 1996-இல் நான்சி கராஸ்கோ குழுதான் அதன் மரபணுவைப் பிடித்தது. மாத்தளைக்காரர் கவனிக்க: மரவள்ளிக்கிழங்கு தின்றால் உடம்பில் உண்டாகும் தயோசயனேற்று இதே வாயிலில் வந்து அயடீனோடு முண்டியடிக்கும். அயடீன் போதிய அளவு இருந்தால் பயமில்லை. அவித்த மரவள்ளியையும் கொச்சிக்காய்ச் சம்பலையும் யாரும் கைவிட வேண்டாம். அயடீனும் குறைந்து, மரவள்ளியே மூன்று வேளைச் சோறுமாக இருந்தால்தான் சிக்கல்.

உள்ளே வந்த அயடீனைத் தைரொகுளோபியூலின் என்ற பிரம்மாண்டமான புரதத்தின் மீது சுரப்பி ஒட்டுகிறது. பிறகு அதை வெட்டி எடுத்தால் வருவது தைரொக்சின்: நான்கு அயடீன் அணுக்கள் தைத்த மூலக்கூறு, சுருக்கமாக டி4. எட்வர்ட் கெண்டல் 1914-ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் இதைத்தான் படிகமாகப் பிரித்தெடுத்தார். மனிதர் விடுமுறையை எப்படிக் கழித்தார் பாருங்கள்.

அயடீன் வரத்து குறைந்தால் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி பதறுகிறது. 'இன்னும் உழை, இன்னும் உழை' என்று தைரொயிட்டுக்குத் தூது மேல் தூது. பாவம், சுரப்பி தன் கலங்களைப் பெருக்கிப் பெருக்கிப் பருக்கிறது. அந்தப் பருமன்தான் 1986-இல் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதாவது கழலை என்பது சோம்பலின் அடையாளம் இல்லை. கச்சாப்பொருள் இல்லாமல் மாடாய் உழைத்த சுரப்பியின் அடையாளம்.

டி4 இரத்தத்தில் இறங்கிவிட்டது. இனி அது கலத்துக்குள் போய் வேலை பார்க்கும் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் கதை முடியும் என்று பார்த்தேன். டி4 பெரும்பாலும் ஒரு கையிருப்பு மட்டுமே. அதிலிருந்து ஒரு அயடீனை, அதுவும் குறிப்பிட்ட ஒரு பக்கத்து அயடீனை, உருவி எடுத்தால்தான் டி3. அதுதான் அசல் ஆள். ஜாக் குரோஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் 1952-இல் கண்டது. நம் உடலின் டி3-இல் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு சுரப்பியில் உண்டாவதில்லை. ஈரலிலும் சிறுநீரகத்திலும் தசையிலும் மூளையிலும் அந்தந்த இடத்திலேயே உருவி எடுக்கப்படுகிறது. உருவும் நொதிக்கு அதன் நடுவே ஒரு செலீனியம் அணு வேண்டும். செலீனியம்! ஃபோர்டைஸ் குழு தலைமுடியில் கண்டது இதைத்தான். கழலை மிகுந்த கிராமங்களில் சோதித்த பெண்களில் 40 சதவீதம் பேருக்குச் செலீனியம் பற்றாக்குறை. கழலை குறைந்த கிராமங்களில்கூட 24 சதவீதம். அயடீன் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வழக்கை முடிக்க முடியாது.

மூச்சை இழுத்துப் பிடியுங்கள், இப்போது கலக்கருவுக்குள் நுழைகிறோம்.

மாசி மகத்துக்கு மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் புறப்படுவதைப் பார்த்தவர்கள் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்களையும் பார்த்திருப்பார்கள். வடம் பிடிக்க எத்தனை நூறு பேர் நின்றாலும், கட்டையைச் செருகிவிட்டு ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கும்வரை தேர் நகராது. நம் புரதம்தான் அந்த ஆள். அதன் பெயர் தைரொயிட் ஹோர்மோன் வாங்கி. இதில் தலைசுற்ற வைக்கும் சங்கதி என்னவென்றால், ஹோர்மோன் வராத நேரத்திலும் அவர் வீட்டுக்குப் போவதில்லை. டி.என்.ஏ மீதே உட்கார்ந்திருக்கிறார். சும்மா உட்காரவுமில்லை, கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மரபணுவைச் சுற்றி டி.என்.ஏ இறுகச் சுருண்டு கிடக்கும்படி வேறு புரதங்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, 'யாரும் படிக்கக் கூடாது' என்று மறிக்கிறார். டி3 வந்து கையில் சேர்ந்ததும் அதே ஆள் எழுந்து, கட்டையை உருவி எறிந்து, வடம் பிடிக்கிறவர்களைக் கூவி அழைக்கிறார். மறித்தவரே முன்னால் நின்று இழுக்கிறார்!

ஹோர்மோன் என்றால் ஏதோ உள்ளே போய் ஒரு வேலையைத் தொடக்கி வைக்கும் சாமான் என்றுதான் நாம் படித்தோம். இங்கே ஹோர்மோன் தொடக்குவதைவிட நிறுத்தி வைத்திருப்பதை நிறுத்துகிறது. நாடகத்தின் நாயகர் ஹோர்மோன் அல்ல, வாங்கி. என் கட்சி இதுதான், இதிலிருந்து இறங்கமாட்டேன்.

கூட்டி வந்த மறிப்பாளர்களுக்கு என்-கோர், ஸ்மார்ட் என்று பெயர். இரண்டையும் கண்டுபிடித்த ஆண்டு 1995. வடம் பிடிக்க வருகிறவர்களில் முதலாவதாக அகப்பட்டது எஸ்.ஆர்.சி-1. அதுவும் 1995. வாங்கியின் வடிவத்தை எக்ஸ்-கதிரில் அணு அணுவாகக் கண்டதும் 1995-இல்தான். அந்தப் படத்தில் டி3 வாங்கியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அதன் வயிற்றுக்குள் புதைந்து கிடந்தது. புரதம் ஹோர்மோனைச் சுற்றியே மடிந்திருந்தது. ஹோர்மோன் புகுந்ததும் வாங்கியின் பன்னிரண்டாம் சுருள், அதாவது கடைசித் துண்டு, மடங்கி மூடிக்கொள்ளும். அப்போது மறிப்பாளர்கள் பிடித்திருந்த இடம் மறைந்து, இழுப்பவர்கள் பிடிக்கும் இடம் வெளியே வரும். இத்தனையும் ஆய்வுகூடங்களில் அம்பலமான அதே ஆண்டில் இலங்கையின் கடைத்தட்டுகளில் அயடீன் உப்பு சட்டப்படி ஏறிக்கொண்டிருந்தது. சொன்னேன் அல்லவா, 1995-ஐக் குறித்து வையுங்கள் என்று?

இன்னொரு சின்னக் களிப்பு. எந்த மரபணு மீது உட்கார வேண்டும் என்று வாங்கிக்கு எப்படித் தெரியும்? டி.என்.ஏ எழுத்தில் ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறு எழுத்துகள் இரண்டு முறை வர வேண்டும். நடுவே நான்கு எழுத்து இடைவெளி. அதில் தைரொயிட் வாங்கி தன் நிரந்தரக் கூட்டாளி ஆர்.எக்ஸ்.ஆரோடு சோடியாக அமர்கிறது. இடைவெளி மூன்றானால் விட்டமின் டி வாங்கியின் இடம். ஐந்தானால் விட்டமின் ஏ-யின் ரெட்டினோயிக் அமில வாங்கி. மூன்று, நான்கு, ஐந்து! கசுஹிகோ உமெசோனோவும் எவன்ஸ் குழுவும் 1991-இல் சொன்ன விதி. இயற்கைக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு என்பதையும் கேட்டுக்கொண்டு ஆறுதல் அடைந்தேன்.

வாங்கிதான் நாயகர் என்ற என் கட்சிக்குச் சாட்சி எலிகள். தைரொயிட் சுரப்பியே உருவாகாமல் பிறக்கும் எலிகள் உண்டு. பால்குடி மறக்கும் பருவம் தாண்டுவதற்குள் செத்துவிடும். ஹோர்மோன் இல்லாததால் செத்தன என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் அதே எலிகளில் தைரொயிட் வாங்கியின் ஆல்ஃபா வகையையும் சேர்த்து நீக்கிவிட்டால்? இரண்டு கேடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் சாக வேண்டும் அல்லவா? பிழைத்துக்கொண்டன! 2002-இல் பிரான்சில் ஃப்ரெடெரிக் ஃப்ளமாந்தும் கூட்டாளிகளும் காட்டியது இது. ஹோர்மோன் இல்லாத வெறுமை கொல்லவில்லை. ஹோர்மோன் வராமல் கட்டையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்த வாங்கிதான் கொன்றது. ஆளையே அகற்றியதும் வழி பிறந்தது.

மனிதரிலும் இதற்கு ஒரு கதை. 1967-இல் சாமுவேல் ரெஃபெட்டோஃப் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். இரத்தத்தில் தைரொயிட் ஹோர்மோன் மிதமிஞ்சி ஓடுகிறது, உடம்போ அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளில் வாங்கியின் பீட்டா மரபணு இரண்டு பிரதியுமே முழுதாகக் காணாமல் போயிருந்தது. ஒரு பிரதி மட்டும் இல்லாத பெற்றோருக்கு ஒன்றுமில்லை. ஆனால் உலகில் இந்நோயுள்ள மற்றக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு பிரதி பழுதானாலே போதும், நோய் வந்துவிடும். ஏன்? அங்கே வாங்கி இருக்கிறது. டி3-ஐப் பிடிக்கத்தான் தெரியவில்லை. நல்ல வாங்கியின் இடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஆள் வராததைவிட, வந்து எழும்ப மறுக்கும் ஆளே கெடுதல் என்பது எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போனவருக்கும் தெரியும்.

இதுவே புற்றுநோயிலும். எவன்ஸும் வென்ஸ்ட்ரோமும் வாங்கியைத் தேடிப் போனது எங்கிருந்து என்கிறீர்கள்? கோழிகளுக்கு இரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரசிலிருந்து. அந்த வைரஸ் எப்போதோ கோழியின் தைரொயிட் வாங்கி மரபணுவைத் திருடிச் சிதைத்து வைத்திருக்கிறது. சிதைந்த வாங்கி டி3-க்கு மசியாது. ஆகவே இளம் இரத்தக் கலங்கள் முதிராமல் பெருகிக்கொண்டே போகும். மனிதரில் புரோமைலோசைட்டிக் லூக்கேமியா என்ற கொடிய இரத்தப் புற்றுக்கும் இதே சூத்திரம். அங்கே ரெட்டினோயிக் அமில வாங்கி இன்னொரு புரதத்தோடு பிசகாக ஒட்டிப்போய் அசைய மறுக்கிறது. 1985-இல் ஷாங்காயில் வாங் சென்-யீ ஒரு சிறுமிக்கு விட்டமின் ஏ-யின் உறவான அந்த அமிலத்தையே தாராளமாகக் கொடுத்தார். புற்றுக் கலங்கள் சாகவில்லை, முதிர்ந்து திருந்தின! வாங்கி பற்றிய இந்த விளக்கம் எதுவும் அப்போது கிடையாது. மருந்து முந்திக்கொண்டு வந்துவிட்டது.

மனித உடலில் இந்தக் கரு வாங்கிக் குடும்பத்துக்கு 48 பேர். எல்லோரையும் அறிமுகப்படுத்த இடமில்லை, மாத்தளையோடு சம்பந்தப்பட்ட இருவரை மட்டும் எட்டிப் பார்ப்போம். முதலாமவர் விட்டமின் டி வாங்கி. மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவவில் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களை வதைக்கிறது. வெயிலில் தோல் உண்டாக்கும் விட்டமின் டி அப்படியே வேலைக்காகாது. அதற்குக் கடைசித் திருத்தம் செய்வது சிறுநீரகம். சிறுநீரகம் சோர்ந்தால், நாள் முழுக்க வயல் வெயிலில் நிற்கிறவருக்குக்கூட அந்த வாங்கியின் கைக்கு ஒன்றும் வந்து சேராது. எலும்பு கரையும். அதனால்தான் திருத்தி முடித்த வடிவத்தையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள்.

மற்றவர் ஈரலில் இருக்கும் பி.எக்ஸ்.ஆர். இவர் ஒரு ஹோர்மோனுக்காகக் காத்திருப்பவர் இல்லை. வாயால் போகும் அந்நியப் பொருள்கள் பலவற்றை மோப்பம் பிடித்து, அவற்றை உடைக்கும் நொதிகளின் மரபணுக்களைக் கிளப்பிவிடுவார். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இவரை உசுப்பிவிடுவதால்தான் அதைக் குடிக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகிறது. மாத்தளைக்கு என்ன தொடர்பு? மிளகு! மிளகின் காரப்பொருளான பைப்பரின் மனித பி.எக்ஸ்.ஆரைக் கிளப்பும் என்று 2013-இல் கலங்களில் சோதித்துச் சொன்னார்கள். இரசம் குடிப்பதற்கெல்லாம் மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் மாத்தளை வாசனைத்தோட்டம் ஒன்றுக்குள் நுழையும்போது உங்கள் ஈரலில் ஒருவர் நிமிர்ந்து உட்காரக்கூடும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

உப்புச் சட்டம் என்ன ஆயிற்று? 2000-01-இல் மீண்டும் பிள்ளைகளின் கழுத்தைத் தடவினார்கள். கழலை 20.9 சதவீதம். சட்டம் தோற்றதா? இல்லை, அதே ஆய்வில் சிறுநீரில் அயடீன் போதிய அளவு இருந்தது. பருத்த சுரப்பி சுருங்க வருடக்கணக்காகும், அவ்வளவுதான். 2010-இல் கழலை 4.4-க்கு இறங்கிவிட்டது. நடுவில் ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. இலங்கைச் சிறுமிகளின் இரத்தத்தில் தம் தைரொகுளோபியூலினையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் மிகுந்திருப்பதாக 2000-இல் ஓர் ஆய்வு வந்து, திடீரென்று கிடைத்த அயடீன்தான் காரணமா என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி. ஆனாலும் உப்பை நிறுத்த யாரும் துணியவில்லை, நிறுத்தவும் கூடாது. கருவின் சொந்தச் சுரப்பி வேலையைப் பொறுப்பேற்கக் கர்ப்பத்தின் பாதிக்காலம் ஆகிறது. அதுவரைக்கும் அதன் மூளை தாயின் டி4-ஐ நம்பியே வளர்கிறது. சுரப்பி சரியாக அமையாமலே பிறக்கும் குழந்தைகளுக்கு உப்பு உதவாது. அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். இலங்கையில் 2010-இல் தென் மாகாணத்தில் தொடங்கியது அது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் தைரொக்சின் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும்.

புதுச் செய்தி ஒன்று. வாங்கியில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை. இதயத்தில் ஆல்ஃபா ஓங்கும், ஈரலில் பீட்டா. கொழுப்புப் படிந்த ஈரலைச் சரிக்கட்ட ஹோர்மோனையே அள்ளிக் கொடுத்தால் இதயம் தறிகெட்டு ஓடும். பீட்டாவை மட்டும் பார்த்துக் கையைத் தட்டும் ஒரு மூலக்கூறு வேண்டும். பல்லாண்டுத் தேடலுக்குப் பின் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கொழுப்பால் அழன்று தழும்பேறிய ஈரலுக்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுவே. 1986-இல் பிடிபட்ட ஆளுக்கு 38 ஆண்டு கழித்துத்தான் தனிப்பட்ட அழைப்பு போயிருக்கிறது.

இவ்வளவு நேரம் கண்ணுக்குத் தெரியாததையே காட்டிக்கொண்டிருந்தேன். இதைக் கண்ணால் பார்க்கும் வழியும் உண்டு, அதுவும் மாத்தளையிலேயே. இரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறுங்கள். அட்டைக்கடிக்குத் தயாராகப் போங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழும் நன்னோஃப்ரிஸ் மார்மொராட்டா என்ற பாறைத்தவளையின் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை. நீர் கசியும் பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு காற்றில் நிற்க ஊர்ந்து திரிகின்றன. தலைப்பிரட்டை தவளையாவதற்குத் தைரொயிட் ஹோர்மோன் வேண்டும் என்பது 1912-இலேயே தெரிந்துவிட்டது. ஃப்ரீட்ரிக் கூடர்நாட்ச் குதிரையின் தைரொயிட்டை வெட்டித் தலைப்பிரட்டைகளுக்குத் தின்னக் கொடுத்தார். அவை அவசர அவசரமாகக் கால் முளைத்து ஈயளவுத் தவளைகளாயின. டி3 வருமுன் வாங்கி என்ன செய்துகொண்டிருந்தது? வழக்கம்போல மறித்துக்கொண்டிருந்தது. ஆனால் இங்கே அது வில்லத்தனம் இல்லை, பொறுமை. ஆல்ஃபா வாங்கியை நீக்கிய தலைப்பிரட்டைகளுக்குக் கால் நேரகாலம் இல்லாமல் அரும்பத் தொடங்கிவிட்டது. போதிய அளவு தின்று வளரும்வரை காலை அடக்கி வைத்திருந்தது வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அந்த வாங்கிதான். டி3 பெருகி வந்ததும் வாங்கிகள் வாலின் கலங்களைச் சாகச் சொல்கின்றன, காலின் கலங்களைப் பெருகச் சொல்கின்றன. ஒரே ஹோர்மோன், நேரெதிரான இரண்டு கட்டளைகள். எந்த வாங்கி, எந்தக் கலத்தில், எந்தத் தேருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்பதே கணக்கு.

அதே காட்டில் செடிக்குச் செடி கத்தும் சூடோஃபிலாட்டஸ் குட்டித்தவளைகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது; முட்டைக்குள்ளிருந்து நேரே தவளையாகக் குதிக்கின்றன. அப்படியானால் டி3-ஐத் துறந்துவிட்டனவா? இதே வழக்கமுள்ள புவேர்ட்டோ ரிக்கோவின் கோக்கித் தவளையை எலிசபெத் கேலரியும் ரிச்சர்ட் எலின்சனும் 2000-இல் சோதித்தார்கள். முட்டைக்குள் தைரொயிட் ஹோர்மோனைத் தடுத்ததும் வளர்ச்சி பாதியில் நின்றது. டி3-ஐத் திரும்பக் கொடுத்ததும் கால் நீண்டது, வால் சுருங்கியது. உருமாற்றம் ஒழிந்து போகவில்லை; மொத்தத் திருவிழாவையும் முட்டைக்குள்ளேயே நடத்தி முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள்.